வண்டி இழுக்கவில்லையா? டர்போவைத் தெரிந்துகொள்வோம்



எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டோம். இனி, படித்ததைப் பிழைப்புக்குப் பயன்படுத்த வேண்டும். இந்தப் பாடம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், வண்டி வைத்திருக்கிறவர்களுக்கும், ஷெட்டில் வேலை கற்கிறவர்களுக்கும் உரியது. வீட்டில் யாராவது வண்டி ஓட்டினால், அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

1. நம் ஊரும் நம் வண்டியும்

தங்கவயலில் 1880 ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28 ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நம்மில் பலருடைய தாத்தாவும் அப்பாவும் அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள்.

சுரங்கம் மூடியபின் பிழைப்பு மாறியது. சிலர் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் பழைய டீசல் வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி. திருமலைக்கு ஒரு சவாரி. கல்யாணத்துக்கு ஒரு சவாரி. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

வண்டி ஷெட்டில் நின்றால் வருமானம் நிற்கும். ஆனால் கடன் தவணை நிற்காது.

பழைய வண்டி ஒருநாள் மேடு ஏறத் திணறுகிறது. கரும்புகை தள்ளுகிறது. ஷெட்டுக்குப் போனால், "டர்போ போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். டர்போ மாற்றப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

உண்மையிலேயே டர்போ கெட்டிருக்கலாம். ஆனால் ஒரு ரப்பர் குழாய் கிழிந்தாலும் வண்டி அப்படித்தான் திணறும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

2. டர்போ என்றால் என்ன?

விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகு நிறைய இருக்கிறது. காற்று போதவில்லை. அடுப்பு எரியாமல் புகைகிறது. அம்மா ஊதுகுழலை எடுத்து ஊதுகிறார். உடனே தீ பற்றிக்கொள்கிறது. புகை குறைகிறது.

இன்ஜினும் ஓர் அடுப்புதான். அங்கே விறகுக்குப் பதில் டீசல் எரிகிறது. டீசல் நன்றாக எரியக் காற்று வேண்டும். அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஊதுகுழல்தான் டர்போ.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். பாறையைத் துளைக்கும் டிரில் இயந்திரம் எதனால் ஓடியது? அழுத்தப்பட்ட காற்றால் ஓடியது. மேலே கம்ப்ரசர் காற்றை அழுத்தும். குழாய் வழியாகக் காற்று கீழே போகும். குழாயில் ஓட்டை விழுந்தால் டிரிலில் வேகம் இருக்காது. டிரில் நல்லதாகவே இருக்கும். கம்ப்ரசரும் நல்லதாகவே இருக்கும். கோளாறு குழாயில் இருக்கும். இதை மனதில் வையுங்கள். டர்போ வண்டிக்கும் இதே கதைதான்.

டர்போவைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூகி. 1905 ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் கப்பல் போன்ற பெரிய இன்ஜின்களுக்குப் பயன்பட்டது. பிறகு லாரிக்கும் காருக்கும் வந்தது.

நம் நாட்டில் பழைய டீசல் அம்பாசடருக்கு டர்போ கிடையாது. 1998 இல் வந்த முதல் டீசல் இண்டிகாவுக்கும் கிடையாது. 2002 இல் வந்த ஸ்கார்ப்பியோ, 2005 இல் வந்த இன்னோவா டீசல், 2007 இல் வந்த ஸ்விஃப்ட் டீசல் ஆகியவற்றில் டர்போ உண்டு. இந்த வண்டிகள் இன்று பழைய வண்டிகளாகி நம் ஊர்ச் சாலைகளில் ஓடுகின்றன.

3. டர்போ எப்படி வேலை செய்கிறது?

டர்போவுக்குள் இரண்டு சிறிய சக்கரங்கள் உண்டு. இரண்டும் ஒரே தண்டில் மாட்டியிருக்கும். ஒரு குச்சியின் இரு முனைகளிலும் இரண்டு காத்தாடி வைத்தது போல இருக்கும்.

ஒரு சக்கரம் புகைப்பக்கம் இருக்கிறது. இன்ஜினிலிருந்து வெளியே வரும் சூடான புகை அதைச் சுற்றுகிறது. அது சுற்றும்போது மறுமுனைச் சக்கரமும் சுற்றுகிறது. மறுமுனைச் சக்கரம் காற்றுப்பக்கம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது.

வீணாக வெளியே போகும் புகையை வைத்தே வேலை வாங்குகிறது. இதுதான் டர்போவின் சிறப்பு.

வீட்டு மின்விசிறி நிமிடத்துக்கு 300, 400 முறை சுற்றும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் உலோகமும் உலோகமும் உரசினால் நொடியில் தேய்ந்துவிடும். அதனால் தண்டைச் சுற்றி இன்ஜின் ஆயில் ஓடிக்கொண்டே இருக்கும். தண்டு ஆயிலில் மிதந்தபடி சுற்றும். ஆயில்தான் டர்போவின் உயிர்.

காற்று போகும் வழியை வரிசையாகப் படியுங்கள்:

ஏர் ஃபில்டர் - ரப்பர் குழாய் - டர்போ - குழாய் - இன்டர்கூலர் - குழாய் - இன்ஜின்.

இன்டர்கூலர் என்றால் என்ன? சைக்கிள் பம்பில் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடும். அழுத்திய காற்று சூடாகும். அந்தக் காற்றைக் குளிரவைக்கும் பெட்டிதான் இன்டர்கூலர். பார்க்க ரேடியேட்டர் போலவே இருக்கும். சில பழைய வண்டிகளில் இது இருக்காது.

இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள்:

டர்போவுக்கு முன்னால் குழாய் கிழிந்தால் தூசி உள்ளே போகும். டர்போவுக்குப் பின்னால் குழாய் கிழிந்தால் காற்று வெளியே போகும்.

முன்னால் கிழிந்தால் டர்போவும் இன்ஜினும் தேயும். பின்னால் கிழிந்தால் வண்டி இழுக்காது.

4. நம் ஊர்த் தூசி

தங்கவயலைச் சுற்றிச் சயனைடு மேடுகள் நிற்கின்றன. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மாவு போன்ற தூசி வீட்டுக்குள்ளும் வருகிறது. வண்டிக்குள்ளும் போகிறது.

பாறைத் தூசி மனிதனின் நுரையீரலை என்ன செய்யும் என்று நம் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. சிலிகோசிஸ் நோயில் மூச்சு வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இன்ஜினுக்கும் மூச்சு உண்டு. ஏர் ஃபில்டர்தான் அதன் மூக்கு. மூக்கு அடைத்தால் மூச்சு திணறும். ஃபில்டர் கிழிந்தால் தூசி நேரே டர்போவுக்குப் போகும். ஒரு லட்சம் சுற்று வேகத்தில் சுற்றும் சக்கரத்தின் இதழ்களை அந்தத் தூசி அரம் போல் தேய்க்கும்.

ஆகவே, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்குக்கு முன்பே நம் ஊரில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். காகித ஃபில்டரைத் தரையில் ஓங்கித் தட்டக் கூடாது. தண்ணீரில் கழுவக் கூடாது. ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடக் கூடாது. புதிது மாற்றுங்கள். டர்போவின் விலையோடு பார்த்தால் ஃபில்டரின் விலை மிகக் குறைவு.

5. வண்டி சொல்லும் நான்கு அறிகுறிகள்

மருத்துவர் நாக்கைப் பார்க்கிறார். நாடி பிடிக்கிறார். இருமல் உண்டா என்று கேட்கிறார். பிறகுதான் மருந்து எழுதுகிறார். வண்டிக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதல் அறிகுறி: இழுவை.

மேட்டில் வண்டி இழுக்கவில்லை. எல்லா வேகத்திலும் இழுக்கவில்லையா? அல்லது சில நேரம் மட்டுமா? சில நேரம் நன்றாக ஓடி, திடீரென்று பலம் போகிறது. வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. அப்படியானால் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் சிக்கிக்கொள்கிறது என்று சந்தேகப்படலாம். அதற்குப் போகும் சிறிய வேக்குவம் குழாய் வெடித்திருக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில், அது இன்ஜினைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துவிடும்.

இரண்டாம் அறிகுறி: புகை.

கரும்புகை வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஊதாத அடுப்பு போல. காற்று கசியலாம். ஃபில்டர் அடைத்திருக்கலாம். இன்ஜெக்டர் டீசலை அதிகமாகக் கொட்டலாம்.

நீலப்புகை வந்தால், இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். டர்போ வழியாக ஆயில் வரலாம். இன்ஜினின் பிஸ்டன் ரிங் தேய்ந்தும் வரலாம்.

வெண்புகை காலையில் சிறிது வந்து மறைந்தால் பயம் இல்லை. இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குறைந்தால் அது டர்போ வேலை அல்ல. இன்ஜின் வேலையாக இருக்கலாம்.

மூன்றாம் அறிகுறி: சத்தம்.

டர்போ வண்டியில் மெல்லிய விசில் சத்தம் இயல்பு. வேகம் கொடுக்கும்போது "உஸ்ஸ்" என்று காற்றுச் சத்தம் வந்தால் குழாயில் கசிவு இருக்கலாம். ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளையிட்டால் தண்டு தேய்ந்திருக்கலாம். உலோகம் உரசும் சத்தம் வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். சக்கரம் கூட்டில் உரசுகிறது. உடைந்த துண்டு இன்ஜினுக்குள் போனால் செலவு பல மடங்காகும்.

நான்காம் அறிகுறி: ஆயில்.

இன்ஜின் ஆயில் அடிக்கடி குறைகிறதா? கீழே ஒழுகவும் இல்லையா? அப்படியானால் அது எரிந்து போகிறது. எங்கே எரிகிறது என்று தேட வேண்டும்.

6. எளிதானதை முதலில் பாருங்கள்

இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறவிடுங்கள். டர்போவின் புகைப்பக்கம் பட்டால் தோல் உரிந்துவிடும். ஆறிய பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று. ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். அடைத்திருக்கிறதா? கிழிந்திருக்கிறதா?

இரண்டு. ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். அளவு சரியா? ஆயில் கூழ் போலக் கெட்டியாகிவிட்டதா?

மூன்று. எல்லாக் காற்றுக் குழாய்களையும் கையால் தடவிப் பாருங்கள். மடிப்புகளில் விரலை விட்டுப் பாருங்கள். மேலே பார்க்க நன்றாக இருக்கும். அடியில் கிழிந்திருக்கும். கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாகத் தூசி படிந்திருக்கும். அதுதான் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

நான்கு. கிளிப்புகளை ஆட்டிப் பாருங்கள். தளர்ந்தால் முறுக்குங்கள். துருப்பிடித்தால் மாற்றுங்கள்.

ஐந்து. சிறிய வேக்குவம் குழாய்களைப் பாருங்கள். பழைய ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

ஆறு. டீசல் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது? அது அடைத்தாலும் வண்டி இழுக்காது. ஆனால் அப்போது கரும்புகை அதிகம் வராது. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள்.

ஏழு. கிளட்ச் வழுக்குகிறதா? இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்சைப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் வண்டி இழுக்காது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும்.

இவற்றில் பலவற்றை நீங்களே பார்க்கலாம். பெரிய கருவி தேவையில்லை. கண்ணும் கையும் போதும்.

7. ஒரு கதை

ஒரு டிரைவர் திருமலைக்குச் சவாரி போனார். மலைப்பாதையில் வண்டி திணறியது. பின்னால் கரும்புகை. எப்படியோ ஊர் திரும்பினார். முதலில் போன ஷெட்டில் டர்போவை மாற்றச் சொன்னார்கள். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா என்று யோசித்தார். அதற்கு முன் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனார்.

"அண்ணே, டர்போ போயிடுச்சாம்."

"யாரு பார்த்துச் சொன்னது தம்பி?"

"யாரும் கழட்டிப் பார்க்கலை அண்ணே. புகையைப் பார்த்துச் சொன்னாங்க."

"என்ன புகை? கருப்பா, நீலமா?"

"கருப்பு."

"ஆயில் குறையுதா?"

"இல்லை அண்ணே. போன வாரம் பார்த்த அளவுலதான் இருக்கு."

"ஊளை சத்தம் வருதா?"

"ஊளை இல்லை. மேட்டுல உஸ்ஸுன்னு ஒரு சத்தம்."

மெக்கானிக் பேனட்டைத் திறந்தார். இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் அடியில் விரலை விட்டார். விரல் முழுக்கக் கருப்புப் பிசுக்கு. குழாயைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல்.

"பாரு தம்பி. டர்போ ஊதுது. காத்து வழியிலேயே ஓடிப்போகுது. ஊதுகுழல்ல ஓட்டை இருந்தா அடுப்பு எரியுமா?"

குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றினார்கள். வண்டி பழையபடி இழுத்தது. வளையல் கையிலேயே இருந்தது.

சிந்தியுங்கள்: மெக்கானிக் முதலில் கையில் எடுத்தது எது? ஸ்பேனரா, கேள்வியா?

8. டர்போவையே பார்ப்பது எப்படி?

எளிதானது எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் சந்தேகம் இருக்கிறது. இப்போது டர்போவைப் பார்க்கலாம். இதைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இன்ஜின் நின்றிருக்க வேண்டும். ஆறியிருக்க வேண்டும். ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்ற வேண்டும். உள்ளே சிறிய சக்கரம் தெரியும்.

இதழ்களைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக, முழுதாக இருக்க வேண்டும். தேய்ந்திருந்தால் தூசி போயிருக்கிறது. வளைந்தோ உடைந்தோ இருந்தால் கல், நட்டு போன்ற பொருள் உள்ளே போயிருக்கிறது.

விரலால் சக்கரத்தைச் சுற்றுங்கள். தடை இல்லாமல் சுற்ற வேண்டும்.

தண்டைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். சிறிது ஆட்டம் இருக்கும். அது இயல்பு. ஆயில் ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் நிரப்பும். இது தெரியாமல் நல்ல டர்போவையும் கெட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அசைக்கும்போது இதழ் கூட்டில் உரசினால் டர்போ தேய்ந்துவிட்டது. முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். இதில் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கக் கூடாது.

குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாகச் சிறிது எண்ணெய் ஆவி வரும். குழாயைச் சாய்த்தால் ஆயில் வழிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எச்சரிக்கை: குழாயைக் கழற்றிய நிலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. சக்கரம் விரலை வெட்டிவிடும். துணியையும் உள்ளே இழுத்துவிடும்.

9. ஆயில் வருகிறது, ஆனால் குற்றவாளி யார்?

நீலப்புகை வருகிறது. காற்றுக் குழாயில் ஆயில் வழிகிறது. உடனே டர்போவைக் குறை சொல்லக் கூடாது. இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, டர்போவிலிருந்து ஆயில் கீழே திரும்பி வரும் குழாய். இது அடைத்தால் ஆயில் தேங்கும். தேங்கிய ஆயில் பக்கவாட்டில் பிதுங்கும். சாக்கடை அடைத்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருவது போல.

இரண்டாவது, இன்ஜினின் மூச்சுக்குழாய். இது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். ஆயில் இறங்க முடியாது.

மூன்றாவது, இன்ஜின். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது புது டர்போ போட்டாலும் நீலப்புகை நிற்காது. பணம்தான் போகும்.

டர்போ தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. ஆயில் பற்றாக்குறை, அழுக்கு ஆயில், தூசி, உடைந்த துண்டு ஆகியவைதான் அதன் எதிரிகள். கொன்றது எது என்று தெரியாமல் புதிது போட்டால், புதியதும் விரைவில் சாகும்.

ஆகவே, டர்போ மாற்றினால் கூடவே இவற்றையும் செய்யச் சொல்லுங்கள்:

புது ஆயில், புது ஆயில் ஃபில்டர், புது ஏர் ஃபில்டர் போட வேண்டும்.
டர்போவுக்கு ஆயில் வரும் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அல்லது மாற்ற வேண்டும்.
ஆயில் திரும்பும் குழாயில் அடைப்பு எடுக்க வேண்டும்.
இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும் உடைந்த துகள்களையும் வெளியேற்ற வேண்டும்.
புது டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். உலர்ந்த தண்டு சில நொடிகளிலேயே தேய்ந்துவிடும்.

10. உயிருக்கு ஆபத்து: இன்ஜின் நிற்காமல் ஓடினால்

டர்போ உடைந்து ஆயில் மொத்தமாக இன்ஜினுக்குள் போனால் ஒரு பெரிய ஆபத்து உண்டு. டீசல் இன்ஜினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். இன்ஜின் அந்த ஆயிலைக் குடித்தே ஓடும். வேகம் தானாக ஏறும். புகை சூழும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அவிழ்த்துவிட்ட காளை போல ஓடும்.

ஓடும் வண்டியில் நடந்தால் பதறாதீர்கள். கிளட்ச்சை மிதித்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள். கை கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுப் பலத்துடன் மிதியுங்கள். கை பிரேக்கையும் இழுங்கள். டாப் கியர் போட்டுக் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கி, வண்டியை விட்டுத் தூரமாகப் போங்கள். காற்று நுழையும் வாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள். கை போய்விடும். வண்டி போனால் வாங்கலாம். உயிர் போனால் வாங்க முடியாது.

அதனால்தான் சொல்கிறோம்: நீலப்புகையும் ஊளைச் சத்தமும் சேர்ந்து வந்தால், அடுத்த சவாரியைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஷெட்டுக்குப் போங்கள்.

11. நல்ல பழக்கங்கள்

ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். அரை நிமிடம் மெதுவாக ஓடட்டும். ஆயில் டர்போ வரை ஏறட்டும்.

மலை ஏறி வந்தவுடன், அல்லது நெடுஞ்சாலையில் வேகமாக வந்தவுடன் இன்ஜினை நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடட்டும். உடனே நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நிற்கும். கொதிக்கும் டர்போவில் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அந்தக் கரி துளையை அடைக்கும்.

ஆயிலை நாள் தவறாமல் மாற்றுங்கள். வண்டிப் புத்தகம் சொல்லும் ரகத்தையே ஊற்றுங்கள். மலிவு ஆயில் கடைசியில் விலை உயர்ந்த ஆயிலாகிவிடும்.

12. எழுத்து நம் கையில் இருக்கிறது

ஒரு நோட்டு வாங்குங்கள். வண்டியிலேயே வையுங்கள். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஷெட்டில் கேட்கும்போது "போன தீபாவளிக்கு மாத்தினேன்னு நினைக்கிறேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டைத் திறந்து காட்டலாம்.

ஷெட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம். பணிவாகக் கேளுங்கள்.

எதைப் பார்த்து டர்போ கெட்டது என்று சொல்கிறீர்கள்?
அது ஏன் கெட்டது?
கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் தருவீர்களா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். வேலை முடிந்ததும் பில் வாங்குங்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். போடாத பாகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டலைச் சரிபாருங்கள். முன்பு கைநாட்டு வைத்தோம். இப்போது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்.

பயிற்சி

அ. விடை சொல்லுங்கள்.

1. டர்போவின் சக்கரத்தைச் சுற்றுவது எது?
2. டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாய் கிழிந்தால் என்ன ஆகும்?
3. நம் ஊரில் ஏர் ஃபில்டரை ஏன் அடிக்கடி பார்க்க வேண்டும்?
4. ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறது. சந்தேகம் டர்போ மீதா, இன்ஜின் மீதா?

ஆ. சரியா, தவறா?

1. கரும்புகை வந்தால் கட்டாயம் டர்போ மாற்ற வேண்டும்.
2. தண்டில் சிறிது பக்கவாட்டு ஆட்டம் இருப்பது இயல்பு.
3. மலை ஏறி வந்தவுடன் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

இ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. ........... புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது.
2. அழுத்திய காற்றைக் குளிரவைப்பது ........... .
3. டர்போவின் உயிர் ........... .

ஈ. கணக்கு.

ஒரு வண்டிக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். கடைசியாக மாற்றியபோது மீட்டரில் 1,46,500 இருந்தது. இப்போது 1,54,200 இருக்கிறது. அடுத்து எத்தனையில் மாற்ற வேண்டும்? இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?

உ. சேர்ந்து செய்வோம்.

மையத்துக்கு ஒரு பழைய ஷெட் பில்லைக் கொண்டு வாருங்கள். ஐந்து பேராகச் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். தெரியாத பாகத்தின் பெயரை நோட்டில் எழுதுங்கள். அது வண்டியில் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டு எழுதி வாருங்கள்.